சிஸ்டர் ஐரினின் லீவர் ரைஃபிள்

லீவரை முன்னால் தள்ளித் திரும்ப இழுத்ததும், காலி என்று மூன்று முறை சத்தியம் செய்யப்பட்டிருந்த துப்பாக்கியிலிருந்து ஒரு தோட்டா எகிறிச் சாப்பாட்டு மேசையில் விழுந்தது. உருண்டு போய் கேக் தட்டில் முட்டி நின்றது.

மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். மூவர் வயதையும் கூட்டினால் இருநூற்று முப்பத்தாறு வரும். அந்த இருநூற்று முப்பத்தாறு வருடங்களும் ஒரு நொடி மூச்சு விடவில்லை.

“ஓ,” என்றார் சிஸ்டர் ஐரின். “அது டாடி போட்டது.”

டாடி செத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும், லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் போல, அந்த ரைஃபிளைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ஓட்டு எண்ணி முடித்ததும் திரும்ப வாங்கி வந்திருக்கிறார். முனிசிபாலிட்டி, சட்டசபை, பார்லிமென்ட் எல்லாம் சேர்த்து எத்தனை முறை என்று கேட்டேன். நினைவில்லை என்றார். இப்படிப்பட்ட விஷயத்தைக்கூட எண்ணி வைக்காதவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி காட்டுக்குப் போனதைவிட ஸ்டேஷனுக்குப் போனதுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஒரு தோட்டாவை வைத்துக்கொண்டே ஜனநாயகத்துக்குப் பணிந்திருக்கிறது.

தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். என் நடுவிரல் நீளம். பித்தளை கறுத்துப்போயிருந்தது. அந்த அறையில் வெனிலா வாசனை, துப்பாக்கி எண்ணெய் வாசனை, பாச்சை உருண்டை வாசனை மூன்றும் கலந்து, கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஆயுதக் கிடங்கு போல இருந்தது.

“இன்னொரு வாட்டி இழு,” என்றேன்.

என் நண்பன் தேவசகாயம் இன்னும் நான்கு முறை இழுத்தான். நான்கு முறையும் ஒன்றும் விழவில்லை. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் முகம் இளகிக்கொண்டே வந்தது. நான்காவது முறை சிரித்தே விட்டான். கல்யாணத்தன்று கூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் நான்.

“டோக்கன், இதுதான்டா. இத்தையே முடிச்சுடு,” என்றான் என்னிடம்.

நான் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காரணம் எளிமையானது. தேவசகாயத்துக்குக் கண் தெரியாது. இது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று அன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

லீவர் பிடித்த கை

தேவசகாயம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஒயிண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவன். ஆட்களை ஷாஃப்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அதை மேலே ஓர் அறையில் உட்கார்ந்து இயக்குவது அவன் வேலை. ஒரு கையில் ஓட்டும் லீவர், மறு கையில் பிரேக் லீவர். அங்கிருந்து கேஜையும் பார்க்க முடியாது, ஆட்களையும் பார்க்க முடியாது. மணிச் சத்தம்தான் எல்லாம். ஒரு மணி என்றால் நிறுத்து. மூன்று மணி என்றால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், பதமாக ஓட்டு.

நான் அதே ஷாஃப்டின் டைம் ஆபீஸ். இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஏறி வந்ததும் வாங்கி அதே ஆணியில் மாட்டுவேன். ஷிஃப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால், அது யார் என்று தெரியும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நானும்தான். ஊரே என்னை டோக்கன் என்று அழைப்பது அதனால். எந்த ஷாஃப்ட் என்று எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சுரங்கம் மூடியது. எண்ணுவது மூடவில்லை. என் வீட்டிலிருந்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் வரை மின்கம்பங்கள் அறுபத்து மூன்று. அதில் இரண்டில் விளக்கில்லை. என் மனைவி சரோஜா தோசைக் கரண்டியோடு திரும்பி, “இன்னாங்க, எத்தினியாவதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் நிறுத்திக்கறேன்,” என்பாள். இந்தத் தொடரில் முன்பு ஒரு முறை இதைக் குறிப்பிட்டபோது, ஒரு வாசகர் அக்கறையோடு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். போய் வந்தேன். நல்ல மருத்துவர். அவர் வீட்டு வாசலில் பதினாறு நாற்காலிகள்.

தேவசகாயம் சுரங்கத்தை விட்டு வந்த கையோடு பாலகாட் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினான். கேழ்வரகு, வேர்க்கடலை. கடலை காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் வரும். வந்து போன இடம் டிராக்டர் விட்ட மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்தில் கம்பி கட்டிப் பார்த்தார்கள், பட்டாசு வைத்துப் பார்த்தார்கள், வேலியில் பழைய புடவைகளைக் கட்டிப் பார்த்தார்கள். புடவைக்கு மட்டும் பன்றிகள் ஒரு வாரம் மரியாதை கொடுத்தன.

அவன் மாமனார் விட்டுப் போனவை இரண்டு. பயிர்க் காவலுக்கான துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று, கரையான் தின்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். குறிப்பிட்ட தேதிக்குள் அதில் ஒரு துப்பாக்கியை ஏற்றாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பன்றியைச் சுடுவதற்கு வனத்துறையிடம் தனியாகக் காகிதம் வாங்க வேண்டும் என்று சொன்னேன். “அதெல்லாம் வாங்கிக்கலாம்டா, மொதல்ல துப்பாக்கி,” என்றான். தேர்ந்தெடுக்க என்னைத் துணைக்கு அழைத்தான். நான் படித்தவன், ஒன்றுக்கு நான்கு முறை சரிபார்ப்பவன் என்று.

ஒப்புக்கொண்டேன். மறுத்தால் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வாங்கிவிடுவான். நான் கூடப் போனால், எதையும் வாங்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

பெரிய குண்டின் தத்துவம்

பங்காருபேட்டையில் ரயிலேறி பெங்களூருக்குப் போனோம். அங்கே ஒரு பழைய துப்பாக்கிக் கடை. கடைக்காரர் எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பேரனின் பிறந்தநாளுக்குப் பொம்மைத் துப்பாக்கி வாங்க வந்து வழி தவறிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

“லீவர் ஆக்‌ஷனா? அது சினிமாவுல குதிரை மேல வர்றவங்க வெச்சிருப்பாங்க சார். இங்க போல்ட் ரைஃபிள் இருக்கு. இல்லாட்டி ரெட்டைக் குழல் பாருங்க.”

“போல்ட்டுல தூக்கணும், இழுக்கணும், தள்ளணும், மடக்கணும். நாலு வேலை,” என்றான் தேவசகாயம். “லீவர்ல தள்ளு, இழு. ரெண்டே வேலை. தோள்லருந்து எறக்காமலே அடுத்த குண்டு ரெடி. முப்பது வருசம் லீவர் புடிச்ச கை சார் இது.”

நான்கு, இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தது. என் ஆயுதத்தை என் மேலேயே திருப்பினான். அதோடு, இருப்பதிலேயே பெரிய குண்டு போடுவதாக வேண்டும் என்றான்.

“சரி, பன்னிக்கு எதுக்கு சார் அவ்ளோ பவர்?” என்றார் கடைக்காரர்.

“ஆந்திரா பக்கத்துலருந்து ஆனை வருது.”

“ஆனையைச் சுட்டா நேரா ஜெயில்தான்.”

“சுடறதுக்கு இன்னாத்துக்கு? ஆனை வர்றப்போ கையில பெருசா ஏதாச்சும் இருக்கணுமில்ல.”

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான காரணத்தைச் சொன்னான். “குண்டு பெருசா இருந்தா, குறி கொஞ்சம் அப்படி இப்படி போனாலும் பரவாயில்லடா.”

அந்த நாட்களில் துப்பாக்கிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். எதிலும் இந்தத் தத்துவம் இல்லை. தப்புவதற்கு இடம் விட்டு வாங்குவது, வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் முறை.

ஆனால் நிம்மதியோடுதான் ஊர் திரும்பினேன். போல்ட் வேண்டாம், ரெட்டைக் குழல் வேண்டாம், லீவர்தான் வேண்டும், அதுவும் பலமானது வேண்டும் என்கிறான். அப்படி ஒன்று நம் பக்கத்தில் கிடைக்காது. நான் ஒன்றுமே செய்யாமல் வேலை முடிந்தது. ஐந்து வாரம் நன்றாகத் தூங்கினேன்.

ஆறாவது வாரம், ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். “டோக்கன், நம்ம சிஸ்டர் ஐரின் கிட்ட அவங்க டாடியோட லீவர் ரைஃபிள் இருக்குதாம். நானூத்தி அஞ்சு போராம், குண்டு அவ்ளோ பெருசாம். அந்தக் காலத்துல தொரைங்க புலிக்கு வெச்சிருந்ததாம். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் தூக்கிக்கினு போய் முடியல, யாராவது எடுத்துக்கோங்கன்னு சொல்றாங்களாம்.”

எட்டு வரிப் பாட்டு

சிஸ்டர் ஐரின் கன்னியாஸ்திரீ அல்ல. எங்கள் ஷாஃப்டை ஒட்டியிருந்த முதலுதவி அறையின் நர்ஸ். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. உறவுக்காரர்கள் எல்லோரும் கடல் தாண்டிப் போன பிறகும் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் பெயரைக் கேட்டதும் எனக்கு ஏன் தூக்கம் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

தேவசகாயத்துக்கு வெளிச்சம் தெரியும், ஓரங்கள் தெரியும். நேராக எதைப் பார்க்கிறானோ அந்த இடத்தில் மட்டும் சாம்பல் பூசினாற்போல் ஒரு மறைப்பு. அதாவது, பார்க்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் தெரியும். நரம்புக் கோளாறு, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம், பழகிய வரப்பில் போகலாம், கோயிலில் பாடலாம். துப்பாக்கி பிடிக்க முடியாது. குறி என்பது நடுவில்தான் இருக்கும்.

இது அவன் வேலையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. கடைசி மூன்று வருடங்கள். ஒயிண்டிங் டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை. தேறாவிட்டால் லீவரிலிருந்து எடுத்து, வாசல் பெருக்கும் வேலையில் போட்டுவிடுவார்கள். அவனுக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் டோக்கன் ஜன்னலில் வந்து நின்று, “இன்னாடா பண்றது?” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

முதலுதவி அறைச் சுவரில் சார்ட் தொங்கும். எட்டு வரி ஆங்கில எழுத்துகள், முதல் வரியில் ஒன்று, எட்டாவதில் எட்டு. மொத்தம் முப்பத்தாறு. தலைவலி மாத்திரை கேட்டுப் போய், முப்பத்தாறையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். சொல்லிக் கொடுத்தேன், அவனுக்கு மனதில் நிற்கவில்லை. “பாடுடா,” என்றேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போகும் பாடகர் குழுவில் அவன்தான் கனத்த குரல். எட்டு வரியையும் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு மெட்டில் போட்டான். ஒரே வாரத்தில் நின்றுவிட்டது.

பரிசோதனையன்று நான் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். எழுத்துத் தப்பினால் ஒரு முறை இருமுவேன். ஒரு மணி என்றால் நிறுத்து, அதே விதி. மூன்று வருடங்களில் இரண்டு முறை இருமினேன். மூன்று வருடமும் சிஸ்டர் ஐரின் ‘ஃபிட்’ என்று எழுதினார்.

அந்த மூன்று வருடமும் டோக்கன் எடுத்துக் கொடுத்தவன் நான். இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், எண்ணைப் பார்ப்பேன். கேஜ் மேலே வந்து தட்டில் உட்காரும் சத்தம் கேட்கும்வரை என் இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. கயிறு சுற்றும் டிரம்மின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பட்டை அடித்து வைத்து, அதை ஓரக்கண்ணால் பார்த்து நிறுத்துவான். ஒன்றும் நடக்கவில்லை என்பது, நான் செய்தது சரி என்று ஆகாது. இதை எண்ணிக்கையில் தேறியவனாகச் சொல்கிறேன்.

துப்பாக்கி லைசென்ஸுக்கான மருத்துவச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவன் போன இடத்திலும் அதே முப்பத்தாறு எழுத்துகள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். “எழுதிக்கோ,” என்றான். “நான் படிக்கவா போறேன்?”

கறுப்புக் கம்பளி

சிஸ்டர் வீட்டுக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னால், தேவசகாயத்தின் பக்கத்து நிலத்து முனியம்மா மார்க்கெட்டில் என்னை மடக்கினாள். விடியற்காலையில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வரப்பில் குனிந்து மாட்டுக்குப் புல் அறுப்பவள்.

“சாமி, உங்க டிரைவரண்ணனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. நேத்து பன்னி, பன்னின்னு கூவிக்கினு என் மேல கல்லு வுடறாரு. நான் பன்னியா சாமி?”

“அடி பட்டுதாம்மா?”

“அவரு வுட்டா எங்க படும்? மாட்டுக்குப் பட்டுது.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அன்று வீடு திரும்பும் வழியில் மின்கம்பங்களை எண்ணவில்லை. கல் இருந்த இடத்தில் நானூற்று ஐந்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

“அவங்க வூட்ல சொல்லிடுங்களேன், கண்ணு தெரியலேன்னு,” என்று சரோஜா சொல்லவில்லை. அவளிடம் நான் சொல்லியிருந்தால்தானே. யாரிடம் சொன்னாலும் எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நானும் நிற்கிறேன். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, லீவர் ரைஃபிளுக்கு எதிராக ஆட்சேபணைகள் எழுத உட்கார்ந்தேன். பதினான்கு தேறின.

பதினைந்தாவது

மேசையில் தோட்டா விழுந்ததும், நல்லது, இது பதினைந்தாவது என்று குறித்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன்.

“எடை நாலு கிலோ. உன் வயசுக்கு ஆகாது.”

“உரம் மூட்டை எவ்ளோடா?”

“வெடிச்சா பின்னால உதைக்கும். தோள்பட்டை எலும்பு எறங்கிடும்.”

“எனக்கு ரெண்டு தோளு இருக்குது.”

“தோட்டா கிடைக்காது. பெட்டியில நாலு, இப்ப விழுந்தது ஒண்ணு. ஆக அஞ்சு. அஞ்சும் உன் பெரிய பொண்ணைவிட வயசானது.”

“அஞ்சு போதும். பன்னி இன்னா வரிசையில நின்னு டோக்கன் வாங்கிக்கினா வருது?”

சிஸ்டர் ஐரின் கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்பதாவதைப் படிக்கும்போது தேவசகாயம் ரைஃபிளை மேசையில் வைத்தான். சத்தம் வராமல்தான் வைத்தான். குரல்தான் மாறியது.

“இன்னாடா வேணும் உனக்கு? காலைல எழுந்தா பாத்துப் போ, பாத்துப் போ. பொண்ணுங்க போன் பண்ணா பாத்துப் போ. பேரன் வந்து ரோடு தாண்ட என் கையைப் புடிச்சுக்கறான். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழ ஆளை எறக்கி ஏத்தினவன்டா நான். அந்த ரெண்டு ஏக்கர்ல ஒருத்தன் இருக்கறான்னு அந்தப் பன்னிக்காவது தெரியணும். தெரிய வேணாமா?”

நான் நோட்டைப் பார்த்தேன். பதினைந்து இருந்தன. சொல்ல வேண்டிய ஒன்று அதில் இல்லை.

“மிஸ்டர் டோக்கன், நீ நிறுத்து,” என்றார் சிஸ்டர் ஐரின். “பொருள் என்னுது. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். டேவி, எழுந்திரு மேன்.”

தேவசகாயம் எழுந்தான்.

“எதிர் சுவத்துல நம்ம பழைய சார்ட் தொங்குது. ரூம் மூடறப்போ நான் எடுத்துக்கினு வந்துட்டேன். படி. படிச்சா ரைஃபிள் உனக்கு.”

சுவரைப் பார்த்தேன். அரிசி மண்டிக் காலண்டர் ஒன்று தொங்கியது. வேறு எதுவும் இல்லை.

யாரும் சொல்லாமலே தேவசகாயம் நிமிர்ந்து நின்று, இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டான். பழைய ஒழுங்கு. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஒரு இருமல் போதும். ஒரே ஒரு இருமல் இருமினால் நிறுத்திக்கொள்வான், ஏதாவது சாக்குச் சொல்லி உட்கார்ந்துவிடுவான், மானம் தப்பிக்கும். இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. கல் பட்ட மாடு நினைவுக்கு வந்தது. இருமலை விழுங்கினேன்.

“ஈ,” என்று ஆரம்பித்தான். “எஃப், பி. டி, ஓ, இசட்…”

மெட்டு மாறவேயில்லை. ஐந்தாவது வரியில் குரல் மேலே ஏற வேண்டும், ஏறியது. ஏழாவதில் இறங்க வேண்டும், இறங்கியது. எட்டாவது வரியின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து முடித்தான். முப்பத்தாறு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“அழகா பாடினே,” என்றார் சிஸ்டர் ஐரின். கத்தியைத் தட்டில் வைத்தார். “அது காலண்டர், டேவி.”

அவன் கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வெக்கப்படாதே மேன். கடைசி வருசமும் இப்படித்தான். வெள்ளையடிக்க ஆளுங்க வந்தாங்கன்னு சார்ட்டைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன். நீ வந்தே, கண்ணை மூடினே, வெறும் சுவத்தைப் பாத்து எட்டு வரியும் பாடினே.” என் பக்கம் திரும்பினார். “நடுவுல வெளியில ஒருத்தன் இருமினான். எதுக்கு இருமினான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. சுவத்துல ஒண்ணுமே இல்லியே.”

“ஏழாவது வரியில ஓ எழுத்தை விட்டுட்டான்,” என்றேன்.

தேவசகாயம் மெதுவாக உட்கார்ந்தான். “அப்புறம் ஏன் சிஸ்டர் ஃபிட்டுன்னு எழுதினீங்க?”

“ஒடனே எழுதலை. மூணு நாள் பேப்பரை வெச்சிருந்தேன். அந்த மூணு நாளும் ஷிஃப்ட் பூரா உன் இன்ஜின் ரூம்ல, உனக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உக்காந்தேன். நீ திரும்பிப் பாக்கவே இல்லை. கேஜ் ஒரு வாட்டி கூட ஒரு இஞ்ச் தப்பா நிக்கலை. அப்புறம் எழுதினேன். எழுதினதுலருந்து சுரங்கம் மூடற வரைக்கும், ஒவ்வொரு சைரனுக்கும் சிலுவை போட்டேன் மேன். எனக்கும் பயம்தான்.”

ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று இத்தனை வருடங்களாக எண்ணியிருந்தேன். மூன்று. ஆள் கணக்கில் என் வாழ்க்கையில் வந்த ஒரே பிழை அது.

சிஸ்டர் ஐரின் ரைஃபிளைப் போர்வையில் சுற்றினார். “கேஜுக்கு மணி இருந்துச்சு. உன் பெயிண்ட் இருந்துச்சு. கீழயும் மேலயும் பாக்கறதுக்கு ஆளு இருந்துச்சு. இதுக்கு யாரு மணி அடிப்பா? தரமாட்டேன். கேக் எடு.”

இருவரும் எடுத்துக்கொண்டோம். உலர்ந்த திராட்சை போட்ட கேக். என் துண்டில் ஏழு இருந்தன.

ஆணிகள்

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தெரு தாண்டும்போது தேவசகாயம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவனாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பதினொரு கம்பம் தாண்டினோம்.

“டோக்கன்.”

“சொல்லு.”

“நீ இருமலியே.”

“இல்ல.”

இன்னும் மூன்று கம்பம் போயிற்று. பிடியை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

“அந்த மூணு வருசத்துல எத்தினி பேரை எறக்கியிருப்பேன்?”

அந்த எண் என்னிடம் இருக்கிறது. ஷிஃப்டு ஷிஃப்டாகக் கூட்டி வைத்திருக்கிறேன். எத்தனையோ விஷயங்களை எண்ணி எண்ணி ஊரைச் சலிக்க வைத்தவன், அந்த ஓர் எண்ணை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

“எத்தினி பேர் எறங்கினாங்களோ, அத்தினி பேரும் ஏறினாங்கடா. ஒரு ஆணி கூட காலியா இல்ல,” என்றேன்.

தலையை ஆட்டினான். பஸ் வந்தது. எந்த ஊர்ப் பஸ் என்று நான்தான் படித்துச் சொன்னேன்.

தேதி கடந்து லைசென்ஸ் போய்விட்டது. அடுத்த தேர்தலுக்கு ரைஃபிளை ஒப்படைத்த சிஸ்டர் ஐரின், அதை அங்கேயே விட்டுவிடுவதற்கு வேண்டிய காகிதத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இம்முறை உள்ளே தோட்டா இல்லை. நான் கூடப் போய் ஐந்து முறை லீவரை இழுத்துப் பார்த்தேன்.

கடலைப் பருவத்தில் இப்போது தினமும் விடியற்காலையில் பாலகாட்டுக்குப் போகிறேன். தேவசகாயம் நிலத்து ஓரத்துக் கொட்டகையில் ஒரு பழைய மணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். அதன் கயிற்றை ஓர் இரும்புக் கம்பியோடு இணைத்து, இழுப்பதற்கு வாகாகக் கைப்பிடி வைத்திருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு முதுகு வளையாமல் உட்காருவான். பக்கத்து நாற்காலியில் நான். வருவது பன்றியா முனியம்மாவா என்று பார்ப்பது என் வேலை. பன்றி என்றால் ஒரு முறை இருமுவேன். அவன் இழுப்பான்.

மணிக்குப் பன்றிகள் முதல் நாள் பயந்தன. இரண்டாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இப்போது சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போகின்றன.

“எத்தினி வந்துச்சு?” என்று கேட்பான்.

“ஒம்போது.”

கொஞ்ச நேரம் கழித்து, “போச்சா?”

“ஒம்போதும் போச்சு.”

“அப்போ கணக்கு சரி,” என்பான், கைப்பிடியை விடாமல்.